ஆயுள் முழுக்க வாரண்டி

ஞாயிறு, இரவு

ராசு மாமா, நீ இருந்தபோது ஆசைப்பட்ட ஹைபிரிட் காரை எடுக்க, நானும் நம் மகளும் மருமகனும் பூந்தமல்லி ஷோரூமுக்குப் போனோம். உன் பி.எப். பணம் என்பதால் வண்டி என் பேரில்தான் என்று பேச்சு.

"ஆயுள் முழுக்க வாரண்டிம்மா" என்றார் விற்கிறவர்.

"யாரு ஆயுளுப்பா? வண்டியோடதா, என்னோடதா?"

சிரித்தார். "மொத ஓனர் பேர்ல இருக்குற வரைக்கும்மா. பேரு மாறினா வாரண்டி போச்சு."

மருமகன் சட்டென்று, "அப்போ அத்தே பேர்ல வாணாம்பா. என் பேர்ல போடு, ரொம்ப நாள் தாங்கும்" என்றார்.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்குச் சர்க்கரை, நெஞ்சடைப்பு. அவர் சொன்னது தப்பில்லைதான். ஆனாலும்...

யார் பேரில் என்று நாளைக்கு நான் சொல்ல வேண்டுமாம். அங்கிருந்து பார்த்தால் தெரிகிறதா மாமா, நான் இன்னும் எவ்வளவு நாள் இருப்பேன்?