தாயின் பெயர் எழுதும் கட்டம்

அன்பு மச்சான் அறிய, அஸ்ஸலாமு அலைக்கும். குவைத்தில் நான் அல்லாஹ்வின் உதவியால் சுகம். உங்கள் முதுகுவலி குறைந்ததா?

போனில் கதைத்தால் வீட்டிலிருக்கும் என் தங்கச்சி ஆதிலாவுக்குக் கேட்கும். அதனால்தான் ஊருக்கு வரும் பாலமுனைப் பெண்ணிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நம் மகள் ஸஹ்றாவின் பாலர் பாடசாலை டீச்சர் குரூப்பில் போட்ட பட்டியலைப் பார்த்தேன். முப்பத்திரண்டு பிள்ளைகள், அதில் தாய் வெளிநாட்டில் உள்ளவர்கள் ஏழு பேர். அந்த ஏழில் ஸஹ்றா இல்லை. அவளுடைய தாயின் பெயர் ஆதிலா என்று இருக்கிறது.

கைக்குழந்தை இருந்தால் வெளிநாடு போக விடமாட்டார்கள் என்று, படிவத்தில் பிள்ளை ஆதிலாவுடையது என எழுதச் சொன்னவள் நான்தான். அது நான் விமானம் ஏறும் வரைக்கும்தானே, மச்சான்? பாலர் பாடசாலையில் அப்படி எழுதச் சொல்லி யார் கேட்டது? திறப்பு நாள் போட்டோவில் ஆதிலா என் நீல அபாயாவை ஏன் போட்டிருந்தாள்? சும்மாதான் கேட்கிறேன்.

ஸஹ்றாவுக்குச் சப்பாத்து வாங்க வேண்டும். அவள் காலை ஒரு தாளில் வைத்து நீங்களே சுற்றிவரக் கோடு கீறி அனுப்புங்கள். ஆதிலாவிடம் கொடுக்க வேண்டாம்.

வேலை வீட்டு மேடம் கூப்பிடுகிறா. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை நாம் போனில் கதைக்கும்போது ஸஹ்றா, "உம்மா, இஞ்ச வாங்களேன்" என்றாள். நான் "ஓம் மகள்" என்று சொல்லுமுன்னே, குசினிக்குள் அடுப்படியிலிருந்து ஆதிலா "இந்தா வாறன்" என்றாள். பிள்ளை யாரைக் கூப்பிட்டாள்?

ஸஹ்றாவைப் பெற்ற,
முனவ்வறா