பேராலயத்துத் தரையும் நம் கல்லறைச் சுவரும்

உன்னைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்தது என் பெரியப்பா. பங்குச் சபையில் அவர் வைத்ததுதான் சட்டம். ஊர்த்தெருக் கிறிஸ்தவர்கள் செத்தால் உள்ளே, காலனிக் கிறிஸ்தவர்கள் செத்தால் வெளியே. ஜெபம் ஒன்றுதான், மண் மட்டும் வேறு.

இன்று கல்லறைத் திருநாள். மெழுகு உருகும் வாசனையில், மால்டாவிலிருந்து நீ வீடியோவில் பேசிய ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

அதற்கு முன்பு நாம் ஆந்திராவின் சத்தியவேட்டுப் பக்கம் ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட். முதல் நாளே என் டப்பாவைத் திறந்து கேட்காமல் தின்றாய். “இன்னாமே மொறைக்கிற? தீட்டு ஒட்டிக்கினா சோப்பு போட்டுக் கழுவிக்கோ.” அதுவரை உங்கள் தெருக்காரர்கள் யாரும் என்னைக் கிண்டல் செய்ததில்லை. அந்தக் கிண்டலுக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

பிறகு நீ முதியோர் இல்ல வேலைக்கு மால்டா போனாய். “நம்ம ஆந்திரா மண்டலம் ரெண்ட சேத்தா அவ்ளோதாமே நாடே” என்று சிரித்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமை, தலைநகர் வல்லெட்டாவின் பேராலயத்துக்குள் என்னைப் போனிலேயே கூட்டிப்போனாய். துருக்கியரின் முற்றுகையைத் தாங்கிய பிறகு ஒரு கிறிஸ்தவ வீரர் சபை கட்டிய கோயில். வெளியிலிருந்து பார்த்தால் மொட்டைக் கோட்டை மாதிரி. உள்ளே, பின்னால் வந்தவர்கள் இழைத்த பொன். தரை முழுக்க வண்ணப் பளிங்கில் அந்த வீரர்களின் கல்லறைகள்.

“இந்தச் சபையில பெரிய வீரனா சேரணும்னா தாத்தா பாட்டி நாலு பேரும் மேல்குடியா இருக்கணுமாம். உங்க பெரியப்பாவ அனுப்பு, நேரா தலைவராக்கிடுவாங்க!”

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நீ போனைக் கீழே திருப்பி, பளிங்கின் மேல் நிற்கும் உன் காலைக் காட்டினாய்.

“கடைசியில பிரெஞ்சுக்காரன் வந்து இவங்களயே தீவ விட்டுத் தொரத்திட்டான். இப்ப நானே மேல நடந்துக்கினு கீறேன். இதக் கட்ட கல்லு தூக்கின அடிமைங்க எங்க படுத்துக்கினு கீறாங்கன்னு கேட்டா, இங்க யாருக்கும் தெரியல.” போனைக் கூரைப் பக்கம் திருப்பினாய். “ஆனா அழகா கீதுமே. அதையும் சொல்லணும்ல.”

ஊருக்கு லீவில் வந்த இடத்தில் டெங்கு உன்னைக் கொண்டுபோனது.

உன் வாய் எனக்கு வந்துவிட்டதென்று அம்மா திட்டுகிறாள். வரட்டும். உன்னிடமிருந்து எனக்குக் கிடைத்த சொத்து அதுதான்.

உள்ளே கல்லறை கல்லறையாக மந்திரிக்கும் பங்குச் சாமியார், உங்களுக்கு மட்டும் சுவருக்கு மேலாகவே தீர்த்தம் தெளிப்பார். வெளியே சுற்றி வர அவருக்கு முள்ளாம். இந்த வருடம் நான் உன் பக்கம் நின்றேன். தண்ணீர் என் தலையில் விழுந்தது. உன் சிலுவைவரை வரவில்லை.

“சாமி, இன்னும் அவளுக்குப் படல. சுத்திக்கினு வாங்க.”

உள்ளே பெரியப்பாவின் இருமல் கேட்டது. யாரோ பாட்டை ஆரம்பித்தார்கள். நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

“சாமி, முள்ளுன்னா செவுத்த இடிங்க!”