கலங்கரை விளக்கத்துக்கு ஒரு சாப்பாட்டு டப்பா

ஜூன் 3, திங்கள்

காலைக் கூட்டத்தில் நின்றபடியே இயக்குநர் குராமோச்சி சான் அறிவித்துவிட்டார்: துறைமுக ஊரின் கிளைக்கதை கிடையாது. ஆடுகிறவர் விரும்பினால் செய்யலாம், விட்டால் விடலாம் என்று வீடியோ கேமின் ஓரத்தில் கிடக்கிற சின்னச் சின்ன வேலைகள்தானே கிளைக்கதைகள்? வெட்டவேண்டி வந்தால் கை முதலில் அங்கேதான் போகும். இந்தக் கம்பெனியில் நான் எழுதுவது அவற்றை மட்டும்தான்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இது போனா, கடைசியில அந்த ஊர் எரியறப்ப யாருக்கும் ஒண்ணும் தோணாது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். ஒருவரும் நிமிரவில்லை. எங்கள் ஜப்பானிய ஆபீஸ்களில் மறுப்பு இருந்தால் முந்தின நாளே மேசை மேசையாகப் போய் மெதுவாகச் சொல்லிவைக்க வேண்டும்; கூட்டத்தில் தலையாட்டுவதோடு சரி. ஒசாகாவிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இதுகூடவா தெரியாது?

"நிஷிவாகி, அசுர ராஜா உலகத்தையே அழிக்க வர்றான். நம்ம வீரன் டப்பா தூக்கிட்டு அலையணுமா?" என்றார் குராமோச்சி சான். எல்லாரும் சிரித்தார்கள். பத்திக்கொண்டு வந்தது.

ஜூன் 4

அலையட்டுமே! சூப் கடைக்காரிக்கும் கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கும் மகள் இசோவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அம்மா தரும் சாப்பாட்டு டப்பாவை வீரன் மகளிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். கூலி ஒரே ஒரு பிளம் ஊறுகாய். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த ஊரில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது அதனால்தான் தெரியும்.

ஜூன் 6

புரோகிராமர் ஹமாசாகி தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "கதையை எடுத்துட்டேன். சூப் கடை அம்மாவை எடுக்க முடியல. எடுத்தா கடையே மறைஞ்சிடுது. நின்னுட்டுப் போகட்டும், யார் பாக்கப் போறா?"

அவள் பேசும் ஒரு வரியையும் அப்படியே விட்டிருக்கிறான்: "எம் பொண்ணு சாப்பிட்டாளோ என்னவோ."

ஜூன் 12

வெளியாட்களை அழைத்து கேமை ஆடவிட்ட நாள். கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நாங்கள். ஊர் எரியும் காட்சியில் ஒருவர் கொட்டாவி விட்டார். குராமோச்சி சானின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

ஆனால் சூப் கடை! ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் அந்த ஒரு வரியைக் கேட்டு அங்கே நின்றுவிட்டார்கள். பல் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி மீன் கொடுத்துப் பார்த்தாள், மூலிகை கொடுத்துப் பார்த்தாள், கடைசியில் தெய்வ வாளையே நீட்டினாள். "இந்தம்மாவுக்கு என்னதான் வேணும்?" நேரமாகிறது, கதையைத் தொடருங்கள் என்றதற்கு, "அசுரன் எங்க ஓடிடப் போறான்? இருங்க" என்றாள்.

கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே போய் நின்றார் இயக்குநர்.

ஜூன் 13

என் மேசைக்கு வந்தார். அவராகவே! "டப்பாவைத் திரும்பப் போட்டுடு" என்றார். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தேன்.

ஜூன் 25

மறுபடி ஆட்டம். இன்று கோட்டு டை போட்ட பெரிய உடம்புக்காரர் ஒருவர். டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தார். இசோ வாங்கிச் சாப்பிட்டாள். அப்புறம் ஊர் பற்றி எரிந்தது. அசுரனை வெட்டு, வெட்டு என்கிறது திரை. மனிதர் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினார் — நேராகக் கலங்கரை விளக்கத்துக்கு. கதவு திறக்கவில்லை. தீக்காட்சிக்கு அங்கே நாங்கள் எதையுமே செய்து வைக்கவில்லையே! அவர் கதவை இடிக்கிறார், இடிக்கிறார்.

"கதவைத் திறடா!" குராமோச்சி சான்தான் கத்தினார். "அந்தப் பொண்ணு உள்ள இருக்கா!"

"உள்ள ஒண்ணுமே இல்லையே சார்" என்றான் ஹமாசாகி.

"அப்போ செய்யி! நிஷிவாகி, நீ எழுது. வெளியீட்டுத் தேதி தள்ளிப்போனா நான் பதில் சொல்லிக்கறேன்."

ரயிலில் வரும்போதே முதல் வரி வந்துவிட்டது. இசோ கதவை உள்ளிருந்து திறக்கிறாள்.