நாடா முடிச்சு

ஜனவரி 6, 2025
ஸ்பிளின்ட் கழற்றியாயிற்று. முடக்குவாதம் தின்ற விரல் முட்டிகளை எடுத்துவிட்டு சிலிக்கோன் மூட்டு வைத்திருக்கிறார்கள். வலது கை விரல் நான்கும் நேராக இருக்கின்றன. வலி இல்லை. பலமும் இல்லை. இது இடது கை எழுத்து, கோழிக் கிறுக்கல்.

ஜனவரி 9
எதிர்வீட்டு ஜெயா வந்தாள். "அக்கா, விரலு ஜம்முனு ஆயிடுச்சே!" விரல் கோணலாக இருந்தவரை என் தண்ணிக் குடத்தை உள்ளே கொண்டுவந்து வைப்பாள். இன்று வாசலோடு விட்டுப் போய்விட்டாள். பார்க்க நல்லா இருந்தால் உதவி கிடையாது போல.

ஜனவரி 20
ரெண்டு வருஷமாக என் பாவாடை நாடாவைக் கட்டிவிடுவது மகள் சரண்யாதான். அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. மார்ச்சில் சேர வேண்டும். "நீயா கட்டிக் காட்டு, போறேன். இல்லன்னா வேலை வேணாம்னு சொல்லிடறேன்." நான் இவளைப் பெத்தேனா, இவ என்னைப் பெத்தாளா?

பிப்ரவரி 2
முடிச்சு விழுகிறது. இறுக்க முடியவில்லை. நாலடி நடந்தால் அவிழ்கிறது.

பிப்ரவரி 3
ம்ஹூம்.

பிப்ரவரி 14
பாண்டிச்சேரியில் செக்கப். "எலாஸ்டிக் போட்டுக்கோங்கம்மா" என்றாள் பிசியோ பெண். எலாஸ்டிக்கில் புடவைக் கொசுவம் நிற்குமா? டாக்டரிடமே கேட்டேன். "வலி போகும், விரல் நேராகும்னுதாம்மா சொன்னேன். பிடி பழையபடி வராது." சொல்லித்தான் இருந்தார். நான்தான் காதில் வாங்கவில்லை. பஸ்ஸில் அழுதேன். கீழ்புத்துப்பட்டு தாண்டியதும் நிறுத்திக்கொண்டேன். கூனிமேட்டில் தெரிந்தவர்கள் ஏறுவார்கள்.

பிப்ரவரி 23
டாக்டர் சொன்னதை இவரிடம் சொல்லிவிட்டேன். உப்பளத்தில் மூட்டை கட்டுகிற மனுஷன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.
"நான் கட்டறேன்."
"ஐயே, மானம் போவுது!"
"யாருக்குத் தெரியப்போவுது, திரௌபதி? புள்ளைய அனுப்பு."

மார்ச் 2
சரண்யாவிடம் மறைக்கவில்லை. "அப்பாவா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அழுதாள். சாயங்காலம் பஸ் ஏற்றிவிட்டோம். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

மார்ச் 3
உப்பு மூட்டை முடிச்சு. ராத்திரி கத்தரிக்கோலால் வெட்ட வேண்டியதாயிற்று.

மார்ச் 19
இது வலது கை எழுத்து. மெதுவாகத்தான் வருகிறது. இப்போதெல்லாம் முடிச்சை நானே போடுகிறேன். ரெண்டு முனையையும் இழுத்து இறுக்குவது மட்டும் அவர் வேலை. காலையில் சரண்யா போன் பண்ணினாள், "கட்டியாச்சா?" என்று. "ஆச்சு, ஆச்சு" என்று அவரே பதில் சொன்னார்.
இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணின மனுஷன், சுவரைப் பார்த்துக்கொண்டே இழுக்கிறார்.