காற்று போகும் தடம்

1992 மார்ச் 11

அக்கா வீட்டுக்கு இன்று தகரம் போட்டாயிற்று. மச்சான் சோலைராஜ் மில்லில் லீவு சொல்லிவிட்டு, பகல் முழுக்கக் கூரைமேல் உட்கார்ந்து ஆணி அடித்தார். தங்கபாய் அக்கா கீழே நின்று ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு குறை சொன்னாள். கடைசியில் மச்சான் சுத்தியலைக் கீழே நீட்டி, "நீ ஏறி வாட்டி, நான் எறங்கி வைய ஆரம்பிக்கேன்" என்றார்.

பழைய காலனியில் ஒரு குடிசையில் மூன்று குடும்பம் கிடந்தோம். இப்போது கொஞ்சம் பேருக்காவது இலவச மனை. நிலம் கொடுத்தவர் மேலத்தெரு சுயம்புலிங்கம். கொடுத்ததற்கு மேடை, மாலை, போட்டோ. மேற்கே இரண்டு கரட்டுக் குன்றுகளுக்கு நடுவில் தொடங்கிக் கண்மாய்வரை நீளமாகக் கிடக்கும் பொட்டல் அது. ஒரு வீடு கிடையாது, ஒரு கொட்டகை கிடையாது. உடைமரம்கூடக் கிழக்கே சாய்ந்துதான் வளர்ந்திருக்கிறது. ஊரில் அதற்குக் காத்துத்தடம் என்று பெயர்.

மார்ச் 16

ரேஷன் கடை வாசலில், காலனியில் பெரியவர்களுக்கு நான் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிற அறிவொளி வகுப்பு. நான் பெயர்களை மனப்பாடமாகத்தான் கூப்பிடுவேன். ஒவ்வொருவரும் "வந்திருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வருகிற மிடுக்குக்காகவே தினமும் கூப்பிடுகிறேன். பால்ச்சாமி பெயர் இன்றைக்கும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வகுப்புக்கு வந்துகொண்டிருந்தவர், தை மாதம் கிணற்று வேலையில் மண் சரிந்து செத்துப்போனார். அவர் வேலை பார்த்தது சுயம்புலிங்கம் கிணற்றில். கேஸ் இல்லை, கேள்வி இல்லை.

பாதியில் காற்று சுழன்று அடித்தது. பேருக்குக் கொஞ்சம் புழுதி, அவ்வளவுதான். ஆனால் படிக்க வந்திருந்த சீனியம்மாள் என் வாயைப் பொத்தாத குறை.

"காத்து சுத்தும்போது பேரச் சொல்லாத பூரணம். அது படிச்சுக்கிடும். பொறவு நம்ம ஆளுக கொரல்லயே வந்து கூப்பிடும். பதில் குடுத்து வெளிய போனவுக திரும்பி வந்ததில்ல."

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்டேன். வீட்டுக்குள் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டுமாம். பெற்ற தாய் கூப்பிட்டாலும் வாயைத் திறக்கக் கூடாதாம். மண்சுவர் மேலே விழுந்தால்?

"விழுந்தா சாவோம். அது நம்ம சாவு."

இதை ஜின்னிங் பேக்டரியில் மேஸ்திரியை எதிர்த்துப் பேசி இரண்டு தடவை வேலை இழந்தவள் சொல்கிறாள். எத்தனை பேர் இப்படி வாயை மூடிக்கொண்டே சுவருக்கடியில் போயிருப்பார்கள்?

மார்ச் 22

முடிவு செய்துவிட்டேன். இந்த ஊரில் அடித்த காற்றுகளின் கதையை எல்லாம் கேட்டு எழுதி, வகுப்பில் படிக்கவைக்கப் போகிறேன். பயத்தை வெளிச்சத்தில் வைத்தால் அது சுருங்கிவிடும்.

மார்ச் 29

சுருங்கவில்லை.

கண்மாய் உடைந்த வருஷத்துக் காற்று: நடுரோட்டில் வண்டி நின்ற இடத்தில் நின்றது, நுகத்தடியில் மாடு இரண்டும் இல்லை. கயிறு அறுபடவும் இல்லை. பெரிய மில் ஸ்ட்ரைக் வருஷத்துக் காற்று: கிணற்றுத் தண்ணீர் எழும்பிப் போனது, மேலத்தெரு மாடிகளில் கெளுத்தி மீன் கிடந்து துடித்தது. அதே காற்றில், வகுப்புக்கு வரும் பிச்சையம்மாளின் அம்மா வீட்டுக் கூரை மொத்தமும் போய்விட்டது. மாடத்தில் சிமினி விளக்கு மட்டும் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. விளக்குக்குக் கீழே சுவர். சுவருக்குக் கீழே அவள் அண்ணன்.

காற்று வருவதற்கு முன்னால் சத்தமே இருக்காது என்று எல்லோரும் ஒன்றுபோலச் சொல்கிறார்கள். கன்றுக்குட்டிகள் படுத்துவிடுமாம்.

ஏப்ரல் 2

தெரிந்துவிட்டது. எல்லாக் காற்றும் ஒரே வழியில் வந்திருக்கிறது. இரண்டு கரடுகளுக்கு நடுவிலிருந்து கண்மாய்க்கு. பேய் இல்லை, ஒன்றும் இல்லை. மலைக்காற்று நுழைய அங்கே ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசற்படியில்தான் அக்கா வீடு.

பொட்டலுக்கு இரண்டு பக்கமும் சுயம்புலிங்கத்தின் வாழை. தடத்தின் விளிம்பில் கயிறு பிடித்து வெட்டியதுபோல அது நின்றுவிடுகிறது. அவர் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். ஒரு கன்றுகூட உள்ளே வைத்ததில்லை. தன் வாழைக்குக்கூட ஆகாத இடம் என்று தெரிந்தேதான் எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்.

ஏப்ரல் 4

சுயம்புலிங்கத்திடமே நேரில் போய்க் கேட்டேன். பம்புசெட் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய ஆள் சங்கிலிப்பாண்டி என்னை அங்கேயே நில் என்று கையைக் காட்டினான்.

"சும்மா குடுத்த நெலத்துக்கு வாஸ்து பாக்க வந்துட்டியாட்டி?" என்றார் சுயம்புலிங்கம். சங்கிலிப்பாண்டி சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. பேசும்போது ஒரு தடவைகூட மேற்கே பார்க்கவில்லை.

ஏப்ரல் 12

புதுவீட்டுக்காரர்கள் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னேன். வானம் கறுத்துக் காற்று அடங்கினால் உடனே வெளியே வாருங்கள், ரேஷன் கடை காரைக் கட்டடம், அதற்குள் வந்துவிடுங்கள், ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்புங்கள் என்று. தலையாட்டினார்கள். ஒருவரும் கூப்பிட மாட்டார்கள் என்பது தலையாட்டிய விதத்திலேயே தெரிந்தது.

மாற்று இடம் கேட்டு மனு எழுதியிருக்கிறேன். அக்கா தன் பெயரை அவளே எழுதினாள். 'தங்கபாய்' என்பதில் கால் மட்டும் விட்டுப்போயிற்று, பிறகு சேர்த்தாள்.

ஏப்ரல் 24

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையிலேயே மனுவோடு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீஸுக்குப் போய்விட்டேன். மனை ஒதுக்குகிற அதிகாரி சாப்பாட்டுக்குப் பிறகுதான் வந்தார். மனுவை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, காற்றுக்குத் தடமா, அடுத்து பேய்க்குப் பட்டா கேட்பீர்கள் போலிருக்கிறதே என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சண்டை போட்டேன். வெளியே அனுப்பிவிட்டார்கள்.

திரும்பும்போது சோழபுரம் தாண்டியதும் ரோடு முழுக்க வாழைச் சருகு. பஸ் மெதுவானது. எங்கள் ஊர் விலக்கில் இறங்கி ஓடினேன்.

தடத்தில் ஒரு வீடும் இல்லை. மச்சான் அடித்த தகரம் உடைமரத்தில் துணிபோலச் சுற்றிக் கிடந்தது. சுவர்கள் எல்லாம் உள்பக்கமாக விழுந்திருந்தன. உள்ளே படுத்திருந்தால் – வேண்டாம்.

எல்லோரும் ரேஷன் கடைக்குள் இருந்தார்கள். எல்லோரும். பிள்ளைகள், ஆடுகள், அக்கா, மச்சான். நான் அழுதுகொண்டே உள்ளே நுழைந்தேன். யாரும் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

அக்காதான் கேட்டாள்: "இப்பதான இங்க நின்ன? அதுக்குள்ள எங்க போன?"

ஏப்ரல் 25

ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டுவிட்டேன். ஒரே கதை. காற்று அடங்கியது. கன்றுகள் படுத்தன. இவர்களும் வழக்கப்படி உள்ளே போய்க் குப்புறப் படுத்தார்கள். அப்போது என் குரல் கேட்டிருக்கிறது. கத்தவில்லையாம். வகுப்பில் கூப்பிடுவதுபோல, அதே வரிசையில், ஒவ்வொரு பெயராக. பழக்கத்தில் வாய் தானாக 'வந்திருக்கேன்' என்று சொல்லிவிட்டது, சொன்ன பிறகு கால் எழுந்துவிட்டது என்கிறாள் பிச்சையம்மாள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். கடைசி ஆள் உள்ளே நுழைந்ததும் காற்று வந்தது.

நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே என்னை நூறு பேர் பார்த்தார்கள்.

யாரோ ஒருத்தி என்னைப்போலப் பேசியிருக்கிறாள். அவ்வளவுதான். யார் என்று கேட்டால் சீனியம்மாள் என்னை முறைக்கிறாள். "நான் கூப்பிட்டேன்னா சொல்லுத? எம் பேரத்தான் அது மொத கூப்பிட்டுச்சு."

இன்னொன்றும் சொன்னாள். எழுதப் பிடிக்கவில்லை. பால்ச்சாமி பெயரையும் அது கூப்பிட்டதாம். அதற்கும் பதில் வந்ததாம்.

ஏப்ரல் 28

அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். இறங்காமலே பார்த்தார்கள். உயிர்ச்சேதம் இல்லாததால் மாற்று இடத்துக்கு வழி இல்லையாம். அதே இடத்தில் கட்டிக்கொள்ள வேண்டுமாம். செத்திருந்தால்தான் நாங்கள் பிழைத்திருப்போம்.

மே 2

யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் ராஜபாளையம் போயிருந்த நேரத்தில் எல்லோரும் களத்துமேட்டில் ஏறி, ஓலையால் குச்சில் போட்டுக் குடியேறிவிட்டார்கள். மேலத்தெருவை ஒட்டிய புறம்போக்கு அது, மேடு, காற்றுக்கு மறைவு. சுயம்புலிங்கத்தின் வைக்கோல் படப்பு அங்கேதான் நிற்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அங்கே ஒரு குடும்பம் கொட்டகை போட்டது. அன்றைக்கே மேலத்தெருக்காரர்கள் அதைக் கொளுத்தினார்கள்.

இன்று யாரும் வரவில்லை. மேலத்தெருவில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டார்கள்.

மே 6

சங்கிலிப்பாண்டி வந்தான். ஆட்களோடு வருவான் என்று மச்சான் கடப்பாரையைப் பக்கத்தில் வைத்திருந்தார். தனியாகத்தான் வந்தான். ரொம்பத் தள்ளி நின்றான்.

"மொதலாளி கேக்கச் சொன்னாவ. அன்னைக்கு நீங்க ஊர்லயா இருந்திய?"

நீங்க. என்னை.

ஊரில் இல்லை, வேறு எவளோ சத்தம் கொடுத்திருக்கிறாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவனுக்குப் பின்னால் வைக்கோல் படப்பு தெரிந்தது. அக்கா குச்சில் வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் அவர்களுடைய பயம் போய்விடும், நாளைக்கே தீக்குச்சியோடு வருவான்.

சீனியம்மாளைக் கேட்டுக்கொள் என்றேன்.

மே 7

பேய் இல்லை என்று சொல்லிக்கொடுக்கப் போனவள் நான்.

மே 19

வகுப்பை மறுபடி ஆரம்பித்தேன். பெயர் கூப்பிடும்போது என் குரலை நானே கவனிக்கிறேன். இப்படித்தான் இருக்குமா?

செப்டம்பர் 3

களத்துமேடு எங்களுக்கே. பட்டா வந்துவிட்டது. சுயம்புலிங்கம் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். படப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். ஊர்வலம் போய், மனு போட்டு, சண்டை போட்டு வாங்கியிருக்க வேண்டிய மண். மச்சான் மிட்டாய் கொடுத்தார். வாங்கித் தின்றேன்.

1993 ஏப்ரல் 17

மத்தியானத்திலிருந்து கரட்டுக்கு மேலே வானம் மஞ்சளாக இருக்கிறது. சாயங்காலம் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். சுயம்புலிங்கம் வந்தார். செருப்பை ரோட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்.

தன் வீடு காரை வீடுதான், ஒன்றும் ஆகாது, இருந்தாலும் என்று ஆரம்பித்து, அதோடு நிறுத்திக்கொண்டார். வெற்றிலை இல்லாத வாய் சின்னதாக இருந்தது.

"அடுத்த தடவ எங்களயும் கூப்பிடுவியாம்மா?"

அவராகவே பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். பெண்டாட்டி பெயர், மகன்கள் பெயர், மருமகள் பெயர். மேலத்தெருப் பெண்களின் பெயரை நாங்கள் யாரும் அதுவரை கேட்டதே இல்லை. மெதுவாக, ஒவ்வொன்றாக, எங்கள் முன்னால் வைத்தார்.

சீனியம்மாள் சிலேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இங்க வந்து சொன்னா ஆச்சா? வகுப்புக்கு வரச் சொல்லு பூரணம். தெனமும் வந்து உக்காராதவுக பேரு அதுக்கு எப்படித் தெரியும்?"

யாரும் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 18

வந்தார். பிச்சையம்மாளுக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. தரையில் உட்கார்ந்தார். எல்லோரையும் கூப்பிட்டு முடித்துக் கடைசியில் அவர் பெயரைச் சொன்னேன். வயதானவர், உட்கார்ந்தபடியே சொல்லியிருக்கலாம். எழுந்து நின்று, மேற்கே பார்த்துப் பதில் சொன்னார்.