சுட்டி இல்லாத கன்று

மார்ச் 3, செவ்வாய்

மீசைக்கு மை அடித்தேன். வாராவாரம் நடக்கும் திருப்பணி. இடது பக்கம் வழக்கம்போல் உதட்டுக்கு இறங்கிவிட்டது. "கரிச்சட்டியில வாய் வெச்ச பூனை மாதிரி இருக்கீங்க" என்றாள் மனைவி. கணக்கு டீச்சர். என்னிடம் மட்டும் மார்க்கு போடுவதில் கஞ்சம்.

ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோர் கண்ணும் செவலை என்ற பசுவின் மேல்தான். நிறைமாதம். அவள் சுமப்பது அவள் பிள்ளையை அல்ல. பால் போட்டிகளில் பரிசாக வாங்கிக் குவித்துவிட்டு மூன்று வருஷத்துக்கு முன் செத்துப்போன கறுப்பி என்ற பசுவின் நகல். அவளை வளர்த்த பண்ணையம்மா கேட்டுக்கொண்டது. கறுப்பியின் காதுத் தோலில் எடுத்த செல்லை, உட்கருவை உறிஞ்சி எடுத்துவிட்ட வேறொரு மாட்டின் முட்டைக்குள் வைத்து, கருவாக்கி, செவலைக்குள் குடிவைத்தோம். ஒருத்தியின் தோல், ஒருத்தியின் முட்டை, ஒருத்தியின் வயிறு. அப்பா என்று யாரும் கிடையாது. அந்தக் காலியிடத்துக்கு எங்கள் இயக்குநர் மட்டும் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மைக். குளியலறையில் சோப்பைப் பிடித்தாலும் வாய்க்குப் பக்கத்தில்தான் பிடிப்பார் என்று கேள்வி. (கேள்வியைக் கிளப்பியவன் நான்தான்.)

மார்ச் 5, வியாழன்

பிறந்துவிட்டது!

கன்று பெரிது. நகல் கன்றுகள் அப்படித்தான், அளவு மீறி வளர்ந்துவிடும். வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தேன். செவலைக்கு இது இரண்டாவது முறை. போன தடவை வந்தது மூச்சே எடுக்கவில்லை. அதற்கு முன் கலைந்தவை வேறு. மைக்கின் பேச்சில் அவற்றுக்கெல்லாம் 'ஆரம்பகட்ட அனுபவம்' என்று பெயர்.

இதுவும் முதலில் சும்மா கிடந்தது. மூக்கைத் துடைத்து, வைக்கோலால் விலாவைத் தேய்த்து, "ஏய், மூச்சு விடுடி, என் மானத்த வாங்காத" என்று கத்தினேன். என் முகத்தின் மேலேயே தும்மியது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.

எழுந்து நின்றதும்தான் கவனித்தேன். கறுப்பிக்கு நெற்றி நடுவே வெள்ளைச் சுட்டி உண்டு. இதன் நெற்றி மொத்தமும் கறுப்பு. அதற்குப் பதிலாக விலாவில் ஒரு வெள்ளைத் திட்டு.

மார்ச் 6, வெள்ளி

"டாக்டர், சுட்டி எங்க?" என்றார் மைக். நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டதுபோல.

மரபணுச் சோதனை பொருந்திவிட்டது, இது கறுப்பியின் நகல்தான் என்று சொன்னேன். நிறம் தரும் செல்கள் கருவில் முதுகுப் பக்கமிருந்து கிளம்பி உடம்பெங்கும் பரவும். எது எவ்வளவு தூரம் போய்ச் சேரும் என்பது ஒவ்வொரு கருவிலும் மாறும். போய்ச் சேராத இடம் வெள்ளை. ஒரே மரபணு இருந்தாலும் திட்டு அதே இடத்தில் விழாது.

"பண்ணையம்மா மரபணுவையா பாக்கப்போறாங்க? நெத்தியத்தான் பாப்பாங்க. 'இது என் மாடு இல்ல'ன்னுட்டாங்கன்னா?"

"இல்லன்னா இங்க வளரட்டும் சார்."

"வளத்து? திசு ஆய்வுக்கு எடுத்துக்க வேண்டியதுதான். கட்டுரையாவது தேறும்."

திசு ஆய்வு என்றால் கன்றைக் கொன்று ஈரல், இதயம் என்று பங்கு போடுவது. அதையும் அவர் மேடைக் குரலில்தான் சொன்னார்.

அப்புறம் குரலை இறக்கி, என் மூக்குக்குக் கீழே பார்த்தார். "நெத்தியில கொஞ்சம் வெளுத்து, விலாவுல கொஞ்சம் மை. உங்களுக்குத்தான் கை பழகியிருக்கே டாக்டர்."

மார்ச் 7, சனி

உண்மையைச் சொன்னால் கன்றுக்கு ஆபத்து. சாயம் பூசினால் பிழைத்துக்கொள்ளும். இப்படி ஒரு கணக்கைக் கொண்டுவந்து நிறுத்தினால் நான் என்ன செய்வேன்? மனைவியிடம் கேட்டேன்.

"ஒரு தடவ பூசிட்டா போதுமா? முடி கொட்டி முளைக்கறப்ப?"

"முளைக்க முளைக்கப் பூசணும்."

"அப்ப ஆயுசுக்கும் அந்தம்மா பண்ணைக்குச் சாயக் கிண்ணத்தோட போவீங்களா?"

ஆனாலும் புத்தி கேட்கவில்லை. முடி வெளுக்கும் களிம்பு ஒன்றை வாங்கினேன். கன்றின் மேல் வைப்பதை முதலில் நம் மேல் வைத்துப் பார்ப்போம் என்று — என்ன ஒரு தியாகம்! — மீசையின் வலது பக்கத்தில் தடவினேன். எரிந்தது. பொறுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததும் கழுவினேன்.

வெள்ளையாகவில்லை. ஆரஞ்சு. நல்ல, பழுத்த, கடைவாசலில் அடுக்கி வைக்கிற ஆரஞ்சு. அடியில் தோல் சிவந்து பொரிந்திருக்கிறது.

இதைப் பிறந்து மூன்றே நாளான ஒன்றின் நெற்றியில், கண்ணுக்கு மேலே வைக்க இருந்தேன்.

மார்ச் 9, திங்கள்

"மழிச்சுத் தொலைங்களேன்" என்கிறாள் மனைவி. மாட்டேன். புத்தி மறுபடி தடுமாறினால் கண்ணாடியைப் பார்த்தால் போதும்.

மைக்கின் அறைக்குப் போய்ச் சொன்னேன். சாயம் கிடையாது. திசு ஆய்வும் கிடையாது. கத்தி எடுப்பவன் நான், எடுக்க மாட்டேன். வேறு ஆளைக் கூப்பிட்டால் கொட்டகை வாசலில் படுத்துக்கொள்வேன். என் எடைக்கு என்னைத் தூக்கிப் போட நாலு பேர் வேண்டும்.

அவர் பேச்சு முழுவதும் மீசையிடம்தான். "டாக்டர், இது விஞ்ஞானம். உணர்ச்சிவசப்படக் கூடாது."

"சாயம் பூசறது எந்த விஞ்ஞானம் சார்?"

சொல்லிவிட்டேன்!

மார்ச் 12, வியாழன்

பண்ணையம்மா வந்தார். என் வயசுதான் இருக்கும். ரப்பர் பூட்ஸோடு நேராகக் கொட்டகைக்குள் நுழைந்தார். மைக் நீட்டிய பூங்கொத்தைச் செவலை தின்றுவிட்டாள்.

கன்றை நெடுநேரம் பார்த்தார். கேள்வி வந்தது.

"சுட்டி எங்க?"

"அது மேடம், வளர வளர..." என்று மைக் ஆரம்பித்தார்.

"வராதும்மா" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

அவர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்க மீசைக்கு என்ன ஆச்சு?"

"உங்களுக்குக் காட்டறதுக்காகச் சுட்டி வரையலாம்னு ஒரு யோசனை. என் மேல வெச்சுப் பாத்தேன். இப்படி ஆயிடுச்சு."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பிழைத்தோம் என்று நினைத்திருப்பேன்.

"நான் என் கறுப்பிய கேட்டேன்" என்றார். "அவ நெத்தியில கைவெச்சுத்தான் எனக்குப் பொழுதே விடியும். இது அவ இல்ல."

"அவ இல்லதாம்மா. செத்தவங்கள எங்களால கொண்டுவர முடியாது. அவளோட ரெட்டப் பிறவி ஒண்ணு, வருஷம் தப்பிப் பிறந்திருக்கு. அவ்வளவுதான் எங்களால முடிஞ்சது. இத முதல்லயே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

போய்விட்டார். வண்டிக் கதவு சாத்தப்பட்ட சத்தத்தில் கன்று துள்ளிச் செவலையின் வயிற்றுக்கடியில் ஒளிந்துகொண்டது.

மார்ச் 13, வெள்ளி

மைக் என்னோடு பேசவில்லை. ஒரு நாள் முழுக்க அவர் பேசாமல் இருந்தது கூடத்தின் வரலாற்றில் முதல்முறை. நன்றி சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

மார்ச் 16, திங்கள்

பேசிவிட்டார். புதன்கிழமை வரை பண்ணையம்மாவிடமிருந்து பதில் இல்லையென்றால் கன்று ஆய்வுக்கு. செவலையை அடுத்த கருவுக்குத் தயார் செய்ய வேண்டும்.

"அவளுக்குத் தையலே இன்னும் ஆறல சார். ரெண்டு தடவ கிழிச்சாச்சு. இனி அவ வயித்துல நான் கரு வைக்க மாட்டேன்."

"நீங்க வைக்க வேணாம். இன்னைலேர்ந்து நீங்க உறைவிந்துப் பிரிவு."

உறைவிந்துப் பிரிவில் மனிதர்களே கிடையாது. காளைகளின் விந்தை உறையவைத்த நைட்ரஜன் குடுவைகள் மட்டும். என் நகைச்சுவைக்கு இதைவிடக் குளிர்ந்த சபை உலகத்திலேயே இருக்காது.

ஒரு மாட்டை 'வயிறு' என்று மட்டுமே சொல்லப் பழகிவிட்டோம். முதல் பக்கத்தில் நானும் அப்படித்தானே எழுதியிருக்கிறேன்! அழகாக வேறு எழுதிவிட்டோம் என்று பெருமைப்பட்டேனே, மடையன்.

மார்ச் 17, செவ்வாய்

லீவு போட்டுவிட்டுப் பண்ணையம்மா வீட்டுக்கே போனேன். "கெஞ்சப் போறீங்களா?" என்று கேட்டாள் மனைவி. "தேவைப்பட்டா அழவும் போறேன்" என்றேன். கைக்குட்டை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் தீவனம் கலந்துகொண்டிருந்தார். நிறுத்தவில்லை. நாளை நடக்கப்போவதைச் சொன்னேன். கை நின்றது.

"என்னைப் பாவத்துல மாட்டிவிடறீங்களா டாக்டர்?"

"உள்ளத உள்ளபடி சொல்றேன்மா. கறுப்பிக்காக வாங்காதீங்க. இந்தக் கன்னுக்காக வாங்க முடிஞ்சா வாங்குங்க. நோய்நொடி அதிகமா வரலாம், பால் கறுப்பி அளவுக்கு வரும்னு சத்தியம் பண்ண முடியாது."

"நல்லா விக்கறீங்க" என்றார். உதட்டோரம் லேசாக அசைந்தது. "அது யாருகிட்ட பால் குடிக்குது?"

"செவலைகிட்ட. முதல் நாள் அவ திரும்பியே பாக்கல. இப்ப நக்கி நக்கியே முடியத் தேச்சிடுவா போல."

"அவள என்ன பண்ணுவீங்க?"

"அடுத்த கரு."

அவர் மறுபடி தீவனம் கலக்க ஆரம்பித்தார். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். கைக்குட்டை மடிப்புக் கலையாமல் பையிலேயே இருந்தது.

மார்ச் 18, புதன்

காலையில் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். (படுப்பதாகத்தான் சொல்லியிருந்தேன். முதுகு ஒத்துழைக்கவில்லை.) மைக் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மதியம் வண்டி வந்தது. கன்றுக்கு வேண்டியதைவிட இரண்டு மடங்கு பெரிய வண்டி.

"கன்னுக்குட்டிய எடுத்துக்கறேன்" என்றார் பண்ணையம்மா. "தாயையும் ஏத்துங்க."

மைக் பதறினார். "மேடம், அது தாய் இல்ல. வெறும் வாடகைத் தாய். மரபணுப்படி பாத்தா..."

"தாயப் பிரிச்சு கன்னு வாங்கற பழக்கம் எனக்கு இல்ல. ரெண்டும் வரும், இல்லன்னா பத்திரிகைக்காரங்கள நானே கூப்பிட்டு இவரு மீசையக் காட்டறேன்."

ஏற்றினோம். செவலை வண்டிப் பலகையில் கால் வைக்கத் தயங்கினாள். கன்று முன்னால் ஏறியதும் பின்னாலேயே போய்விட்டாள்.

மார்ச் 20, வெள்ளி

தொலைக்காட்சியில் மைக். "திட்டுகள் ஒருபோதும் ஒத்துப்போகாது என்பதை நான் ஆரம்பத்திலிருந்தே வலியுறுத்தி வருகிறேன்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

உறைவிந்துப் பிரிவு. கை விறைத்துவிட்டது. வேலையை மட்டும் விடுவதாக இல்லை. அடுத்து எந்த மாட்டுக்குக் கரு என்று பேச்சு வரும்போது நான் இங்கே இருந்தாக வேண்டும்.

மாலையில் பண்ணையம்மா போன் செய்தார். கன்றுக்கு ஒருமுறை வயிற்றுப்போக்கு வந்து நின்றுவிட்டதாம். செவலைக்குத் தையல் தடம் மட்டும்தான் இருக்கிறதாம்.

"கறுப்பின்னு கூப்பிட்டுப் பாத்தேன் டாக்டர். திரும்பல. செவலை கத்தினா மட்டும் ஓடுது."

"வேற பேர் வெச்சாச்சா?"

"யோசிக்கறேன். ஆனா கறுப்பி காதத் தொடவே விடமாட்டா. இது காதக் கொண்டாந்து கையிலயே வைக்குது."

ஆரஞ்சு போய், மீசை வலதும் இடதும் ஒன்றாக நரைத்து வந்திருக்கிறது. மை அடிக்கும் பிரஷ்ஷைத் தையல் மெஷினில் தூசி தட்ட மனைவி எடுத்துக்கொண்டாள். நான் திருப்பிக் கேட்கவில்லை.