இடது பக்கத் திரை

அண்ணே,

வீடு முழுக்கப் புது ரப்பர் வாடை. கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வைத்தும் போகவில்லை. உங்கள் மருமகன், என் பையன், கொழும்பிலிருந்து ஒரு ஸ்டியரிங் வாங்கி வந்திருக்கிறான். காருக்கு அல்ல, கம்ப்யூட்டருக்கு. அதை மேசை விளிம்பில் இறுக்கிப் பூட்டி, கீழே பெடல்களை வைத்து, முன்னால் மூன்று திரைகளை வளைத்து நிறுத்தியிருக்கிறான். ஒன்று நேராக, மற்ற இரண்டும் வலப்பக்கமும் இடப்பக்கமும். கார் ரேஸ் விளையாடுவதற்காம். "நெசக் கார் மாதிரியே இருக்கும்மா, புடிச்சுப் பாருங்க" என்று என் கையை எடுத்து அதில் வைத்தான். வளைவு வந்ததும் அந்த ஸ்டியரிங் என் கையை எதிர்த்து இழுத்தது. நான் பதறிப் போய்க் கையை எடுத்துக்கொண்டேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

நான் பயந்தது ஸ்டியரிங்கைப் பார்த்து அல்ல, அந்தப் பக்கத்துத் திரைகளைப் பார்த்து. இடது பக்கத்துத் திரையில் ஒரு வண்டி வந்தால் அது அவன் கண்ணுக்குத் தெரிகிறதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்துவிடுமே என்பதுதான் பயமும். உங்களுக்கு வந்த அந்தக் கண் வியாதி தாய் வழியாக ஆண் பிள்ளைக்கு வரும் என்று கண்டியில் கண் டாக்டர் நம் இருவரையும் எதிரே உட்கார வைத்துச் சொன்னாரே. "தங்கச்சியோட பையனுக்கு வரலாம், வராமலும் போகலாம்" என்றார். அந்த இரண்டாவதைப் பிடித்துக்கொண்டுதான் நான் கல்யாணம் கட்டினேன், பிந்தியாவது இவனைப் பெற்றேன். இப்போது இவன் ராகலை டவுனில் ஃபோன் கடையில் வேலை செய்கிறான். டிரைவிங் லைசன்ஸ் எடுக்க வேண்டும் என்கிறான். அந்தி நேரத்தில் நம் வாசற்படியிலேயே தடுக்கி விழுகிறான். வேறு யாரிடம் இதைச் சொல்லி அழ? உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

நுவரெலியா சீசனுக்கு என்னை முதல் முறை கூட்டிப் போனீர்களே, அந்த வருடம்தான் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி உங்கள் கைக்கு வந்தது. அம்மா லொறிக்கு முன்னால் தேங்காய் உடைத்து, சக்கரத்துக்குச் சந்தனம் பூசினாள். வரிசை வீட்டு லயத்தின் ஒற்றைக் காம்பராவை விட்டு டிரைவர் குவாட்டர்ஸுக்குக் குடி போனோம். நமக்கென்று தனிக் குழாய். அம்மா அந்தக் குழாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உங்களுக்குத் தலைகால் புரியவில்லை. சட்டைப் பையில் சாவி வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவே ஒரு பெரிய தகரத் தகட்டை அதில் கோத்து வைத்திருந்தீர்கள்.

சீசன் கானிவலில் மரணக் கிணற்றுக்குப் பக்கத்தில், ஒரு கூடாரத்துக்குள் அந்தப் பெட்டி நின்றது. அலுமாரி உயரம். முன்னால் ஒரு ஸ்டியரிங், ஒரு கியர் தடி, காலடியில் ஒரே ஒரு பெடல். கண்ணாடிக்குள் கறுப்பைத் தவிர ஒன்றுமில்லை. காசைப் போட்டதும் அந்தக் கறுப்பின் நடுவிலிருந்து சின்னச் சின்ன வெள்ளைக் கட்டைகள் இரண்டு வரிசையாக வந்தன. வர வரப் பெரிதாகி இரண்டு பக்கமும் ஒதுங்கி மறைந்தன. அந்த இரண்டு வரிசைக்கும் நடுவில் இருப்பதுதான் ரோடு என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். கார் கூடப் படத்தில் இல்லை. கண்ணாடியின் கீழே பிளாஸ்டிக்கில் வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

"ஒட்டு வேல பண்ணிட்டு காருங்கிறான்!" என்று சிரித்தீர்கள். "ஸ்டியரிங்கா இது? சுத்துனா சுத்திக்கிட்டே போகுது, கனமே இல்ல. நம்ம லொறிய ஒரு வளைவு திருப்புறதுக்குள்ள தோள்பட்ட கழண்டுரும் தெரியுமா?" பெட்டிக்காரர் சிங்களவர், தமிழ் தெரியாது. நீங்கள் புகழ்கிறீர்கள் என்று நினைத்து அவரும் சந்தோஷமாகத் தலையாட்டினார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

இரண்டாவது முறை காசு போட்ட பிறகு உங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. முகத்தைக் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுபோய், "தங்கச்சி, இங்க பாரேன்" என்றீர்கள். "மிஸ்ட் அடிச்சா நம்ம ரோடு இதேதான். வேற ஒண்ணும் தெரியாது. ஓரத்து வெள்ளக் கல்லு மட்டும் வரும், போகும்."

வாஸ்தவம்தான். பனி இறங்கினால் மலையும் கிடையாது, பள்ளமும் கிடையாது. சுண்ணாம்பு அடித்த கற்கள்தான் ரோடு. இன்று உங்கள் மருமகனின் விளையாட்டில் இலை அசைகிறது, சேறு தெறிக்கிறது, கண்ணாடியில் மழைத்துளி வழிகிறது. பார்க்க அழகாக இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நம் தோட்டத்து ரோட்டைத் தத்ரூபமாக எனக்குக் காட்டியது ஒன்றுமே இல்லாத அந்தக் கறுப்புப் பெட்டி மட்டும்தான்.

அந்த வருடம் மழைக்காலத்தில்தான் புதுப் பழக்கம் ஒன்று தொடங்கினீர்கள். நான் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தேன். தாய்மார் வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, அந்திக் கொழுந்தை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் லொறியை நிறுத்துவீர்கள். "ஏறு, பேசிக்கிட்டே போவோம்." உங்களுக்கு இடது பக்கம் என் இடம். என்ன பேசுவது என்று கேட்டால், "ரோட்டப் பத்திப் பேசு. வாய்க்கு என்ன பஞ்சமா ஒனக்கு?" என்பீர்கள். நானும் வாய் ஓயாமல் பேசினேன். அதோ தண்ணிப் பீலியடி, அதோ கோயில் வளைவு, அதோ வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா சைக்கிளில் வாறார் என்று. தங்கச்சி மேல் என்ன பாசம் பாருங்கள் என்று நான் பூரித்துப் போயிருந்தேன்.

ஓர் அந்தியில் விறகுக் கட்டோடு ஒரு பெண் ரோட்டோரம் ஒதுங்கி நின்றாள். நான் தலைமுடியை முடிந்துகொண்டிருந்ததால் பேச்சு நின்றிருந்தது. லொறி அவளை நோக்கியே போனது. நான் அலறினேன், நீங்கள் பிரேக்கை மிதித்தீர்கள். கொழுந்துச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து வந்த பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, "டிரைவரண்ணே, தூக்கமா?" என்று கத்தினார்கள். நீங்கள் ஸ்டியரிங்கை விடாமல் முன்னால் பார்த்தபடியே என்னிடம் மட்டும் சொன்னீர்கள். "ரெண்டு பக்கமும் தெரியல தங்கச்சி. கொழாய்க்குள்ள பாக்கிற மாதிரி நடுவுல மட்டும்தான் தெரியுது."

அன்று முதல் நம் வீட்டில் நிம்மதி போனது. நான் அம்மாவிடம் சொல்ல, அவள் பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை, ஆட்டீரல் என்று கண்ணுக்கு நல்லதென்று யார் எதைச் சொன்னாலும் சமைத்தாள். நான் உங்கள் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். கண்டிக்குப் போய்க் கண்ணைக் காட்டுங்கள் என்றேன். அழுதேன், திட்டினேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்தேன். உங்கள் பதில் ஒன்றுதான். "டாக்டரு சீட்டு எழுதுனா தோட்டத்துத் தொர சாவிய வாங்கிட்டு கையில இரும்பு முள்ளக் குடுத்துருவாரு. மண்ணக் கொத்திக்கிட்டு மறுபடி லயத்துக்குப் போகச் சொல்றியா அம்மாவ?" அம்மாவை இழுத்தால் நான் அடுக்களைக்குப் போய்விடுவேன் என்று உங்களுக்குத் தெரியும்.

டாக்டரிடம் போகாத மனிதர் அடுத்த சீசனுக்குக் கானிவலுக்குப் போனீர்கள், என்னையும் இழுத்துக்கொண்டு. "அந்தப் பெட்டியில ஓட்டிக் காட்டுறேன். நல்லா ஓட்டுனா நீ இனி கண்ணப் பத்தி ஒரு வார்த்த பேசக் கூடாது." எவ்வளவு பைத்தியக்காரத்தனம் அண்ணே! கண்ணைச் சோதிக்க விளையாட்டுப் பெட்டியா? ஆனால் கூடாரத்துக்குள் நான் சாமி கும்பிட்டுக்கொண்டுதான் நின்றேன். நீங்கள் ஓட்டினீர்கள். ஒரு கட்டையில்கூட மோதவில்லை. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். பெட்டிக்காரர், "ஷோக் மஹத்தயா, ஷோக்!" என்று மெச்சி முதுகில் தட்டினார். பஸ்ஸில் வரும்போது நீங்கள் விசில் அடித்துக்கொண்டே வந்தீர்கள். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நம்ப வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்த எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த வெள்ளைக் கட்டைகள் தாமே வெளிச்சம் விட்டன. நடுவிலிருந்துதான் கிளம்பி வந்தன. உங்களுக்கு மிச்சம் இருந்ததும் அந்த நடு மட்டும்தான். உங்கள் கண்ணுக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல அப்படி ஒரு ரோடு உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இதெல்லாம் டாக்டர் விளக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அதற்கடுத்த சீசனில் அந்தப் பெட்டி இல்லை. அதே கூடாரத்தில் புதிது ஒன்று நின்றது. உட்கார்ந்து ஓட்ட ஆசனம் வைத்திருந்தார்கள். நீல வானம், பச்சைப் புல், தூரத்தில் மலை, எல்லாம் கலரில். மற்றக் கார்களும் ஓடின. பின்னாலிருந்து வந்து பக்கவாட்டில் முந்தின. "அட, இது நெச ரோடு மாதிரியே இருக்கே" என்று ஆசையாக ஏறி உட்கார்ந்தீர்கள். ஒரு சிவப்புக் கார் உங்கள் இடப்பக்கமாக வந்தது. நீங்கள் அதன் மேலேயே திருப்பினீர்கள். வண்டி வெடித்துச் சிதறி, உடனே முழுசாக மறுபடி ரோட்டில் வந்து நின்றது. மறுபடி ஓட்டினீர்கள், மறுபடி அதேதான்.

"எங்கிருந்துடி வருது?"

"பக்கத்துல இருந்துண்ணே. இடது பக்கம்."

"பக்கத்துல ஒண்ணும் இல்லியேடி."

அது கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக நின்றுகொண்டிருந்தது அண்ணே. பின்னால் நின்ற பையன்கள், "டிரைவராம்!" என்று சிரித்தார்கள். எனக்கு அவர்களை அறைய வேண்டும் போல இருந்தது. காசு போட்டுக்கொண்டே இருந்தீர்கள். கடைசியில் நான் உங்கள் இடது தோளருகில் குனிந்து, லொறியில் சொல்வதைப் போலவே சொல்லத் தொடங்கினேன். "இடது பக்கம் செவப்பு. இப்ப வலது பக்கம் மஞ்சள். இப்ப ஒண்ணும் இல்ல, போங்க." நீங்கள் எதிலும் மோதாமல் ஓட்டினீர்கள். பையன்கள் வாயை மூடினார்கள். நான் சந்தோஷப்பட்டேன். நீங்களோ பாதியில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இறங்கினீர்கள்.

பஸ் நிற்கும் இடத்தில் தூறிக்கொண்டிருந்தது. "கொழுந்துக்கு மேல எத்தன பொம்பளைங்க உக்காந்து வராங்க" என்றீர்கள். பிறகு, "பழைய பெட்டி பொய் சொல்லிருக்கு தங்கச்சி. நானும் அத நம்பி அவங்கள ஏத்திக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்" என்றீர்கள். தலையைத் துடைத்துக்கொள்ள என் முந்தானையைக் கேட்டீர்கள். துடைத்தது தலையை அல்ல.

மறுநாள் விடிய, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோரும் பார்க்கத் துரை கையில் சாவியைக் கொடுத்தீர்கள். அதன் பிறகுதான் கண்டிக்குப் போனோம். மருந்து இல்லை என்று டாக்டர் சொன்னதும், அம்மா லயத்துக்குத் திரும்பிச் சாமான் கட்டியதும், உங்களுக்குப் பேசிய பெண் வீட்டார் பேச்சை முறித்ததும் ஒரே மாதத்தில் நடந்தன. நீங்கள் தோட்டத்தில் முள்ளுக் குத்தி மண் கிளறினீர்கள். பிறகு அதுவும் முடியாமல் போனது. நடுவில் இருந்த அந்தக் கொஞ்ச வெளிச்சமும் வருடத்துக்கு வருடம் சுருங்கியது.

கோயிலுக்கோ கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போனால் நான் உங்கள் இடது பக்கம் நடந்தேன். "இடது பக்கம் ஆளு. வலது பக்கம் தண்ணிக் கான். முன்னுக்குப் படி." என் கல்யாணத்தன்றுகூட மாலையோடு நின்று, "அண்ணே, இடது பக்கம் குத்துவிளக்கு" என்றேன். மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நீங்கள் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. நான் இன்னும் நிறுத்தவில்லை. ராகலைக் கடைத்தெருவில் தனியாக நடக்கும்போதும் வாய் முணுமுணுக்கிறது. இடது பக்கம் பஸ், இடது பக்கம் நாய். கிழவிக்குக் கழன்றுவிட்டது என்று பேசிக்கொள்கிறார்களாம், பேசட்டும்.

உங்கள் மருமகனிடம் கண்டிக்குப் போவோம் என்று கெஞ்சிவிட்டேன். மாமாவின் கதை அவனுக்குத் தெரியும். "அடுத்த மாசம் போவோம்மா" என்கிறான், அடுத்த மாதமும் அதையே சொல்கிறான். நீங்களாவது அம்மாவைக் காரணம் சொன்னீர்கள், இவன் காரணம்கூடச் சொல்வதில்லை. அவனுக்கும் பயம் அண்ணே. எனக்குத் தெரிகிறது, அவன் என் பிள்ளை. எந்தச் சாமியைக் கேட்பது, யார் காலில் விழுவது?

சரி, கண்டிக்கு வராவிட்டால் போகட்டும், அந்த மூன்று திரைகள் சொல்லட்டும் என்று நேற்று அவன் விளையாடும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரே ஒரு ஆட்டம், வாயைத் திறக்காமல் பார்த்தால் போதும். பக்கத்துத் திரையில் வண்டி வரும்போது அவன் ஒதுங்குகிறானா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. இடது பக்கத் திரையின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கார் மூக்கை நீட்டியது. "இடது பக்கம் வண்டிடா!" என்று கத்திவிட்டேன். அவன் ஒதுங்கினான். "எனக்குத் தெரியுதும்மா. சொல்லாதீங்க" என்றான். உண்மையிலேயே தெரிந்ததா, என் குரலைக் கேட்டு ஒதுங்கினானா? அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இன்று மத்தியானம் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். வண்டி வந்தது. அவன் தலை திரும்பவில்லை. இன்னும் ஒரு நொடி பொறுத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

பொறுக்கவில்லை அண்ணே. சொல்லிவிட்டேன்.